பஸ்ராவில் மாண்ட கொள்ளுத்தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது, அவருக்கு எப்படி மரியாதை செய்வது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வகையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர். பஸ்ராவில் இறந்ததாக வீட்டில் சொல்வார்கள். அவருடைய பெயர் பொறித்த கனமான வெண்கலத் தட்டு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் பஞ்சாப் வீரர்கள்தான் வருகிறார்கள். இந்தியா கேட்டில் அவர் பெயர் இருக்குமா என்பது உங்கள் முதல் கேள்வி. ‘வெள்ளைக்காரனுக்காகச் செத்தவருக்கு என்ன நினைவு நாள்?’ என்று சித்தப்பா கேட்கிறார், அதற்கு என்ன பதில் சொல்வது என்பது இரண்டாவது. இவை இரண்டுக்கும் அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: உடலும் இல்லாமல், கல்லறையும் இல்லாமல், தேதியும் தெரியாமல் போன ஒருவருக்கு ஒரு குடும்பம் என்னதான் செய்ய முடியும்?

நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. ராணுவப் பதிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்புறம் பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களுக்குப் பழைய பதிவுகளைத் தேடித் தருவது பழக்கமாகிவிட்டது. காகிதத்தில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தட்டு. கையில் பிடித்தால் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. சூலம் ஏந்திய பெண்ணும் அவள் காலடியில் ஒரு சிங்கமும் இருந்து, ஓரத்தைச் சுற்றி ஆங்கில எழுத்து ஓடினால் சந்தேகமே வேண்டாம். அது போர் முடிந்த பிறகு பிரிட்டிஷ் அரசு, இறந்த ஒவ்வொரு வீரரின் குடும்பத்துக்கும் அனுப்பிய நினைவுத் தட்டு. பத்து லட்சத்துக்கும் மேல் வார்க்கப்பட்டது. பிரிட்டனில் சாதாரணச் சிப்பாய்களின் வீடுகளில் இதை ‘செத்தவன் காசு’ என்று கசப்போடு சொல்வார்கள். அதாவது உங்கள் வீட்டுக் கதையில் ஒரு பகுதி இனி கதை இல்லை. அவர் போருக்குப் போனார், பணியில் இருக்கும்போது இறந்தார், அரசு அதை ஒப்புக்கொண்டது. இவ்வளவும் உறுதி. ஓரத்தில் ஓடும் வாசகத்தின் பொருள், ‘சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் இறந்தார்’ என்பது. யாருடைய சுதந்திரம் என்று உங்கள் சித்தப்பா கேட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தட்டில் பதவியோ எண்ணோ படைப்பிரிவோ இருக்காது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி பெயர் மட்டும் என்பது அன்றைய முடிவு. கொள்கையாகப் பார்த்தால் நல்லதுதான், தேடுகிறவனுக்குத்தான் தலைவலி. அதனால் பஸ்ரா என்பதும், எந்தப் பட்டாளம் என்பதும் இன்னும் நிரூபிக்கப்படாத பகுதி. வீட்டில் பதக்கம் ஏதாவது இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வட்டமானவற்றுக்கு விளிம்பிலும், நட்சத்திர வடிவில் உள்ளவற்றுக்குப் பின்புறத்திலும் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் பொறித்துத்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வெள்ளிப் பதக்கம் பெரும்பாலும் கஷ்ட காலத்தில் உருக்கப்பட்டிருக்கும், அதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வெண்கலத்தில் உள்ளது தப்பித்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, இந்தியா கேட். அவர் பஸ்ராவில் இறந்தது உண்மையானால் அங்கே போய்த் தேட வேண்டாம். 1931-ல் திறக்கப்பட்ட அந்த வளைவு முதல் உலகப் போரில் இறந்த 70,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் எல்லோருக்குமான நினைவுச் சின்னம் என்றாலும், கல்லில் வெட்டியிருக்கும் பெயர்கள் சுமார் 13,000தான். அவற்றில் பெரும்பாலானவை வடமேற்கு எல்லையிலும் 1919 ஆப்கன் போரிலும் மடிந்தவர்களுடையவை. பக்கத்தில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்கள் மட்டுமே உண்டு. சென்னையில் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கிற போர் நினைவுச் சின்னம் மெட்ராஸ் மாகாணத்து வீரர்களுக்காகக் கட்டப்பட்டதுதான், ஆனால் அங்கே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட முடியாது. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் அழகாகப் பராமரிக்கப்படும் கற்கள் இருக்கின்றன. அவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பக்கம் இறந்தவர்களுக்கானவை. எந்த இடத்திலும் பெயர் இல்லை என்று சோர்ந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் இல்லாததற்குக் காரணம் அவர்கள் தேடிய இடம்.

மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்து கல்லறை இல்லாதவர்களுக்கான சின்னம் பஸ்ரா நினைவுச் சின்னம். 1914-லிருந்து 1921 வரை அங்கே மடிந்த 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொது. இந்துக்களைத் தகனம் செய்ததால் அவர்களுக்குத் தனிக் கல்லறை அமையவில்லை, ஆகவே உங்களவர் அங்கே இறந்திருந்தால் இந்தப் பட்டியலில்தான் வருவார். இதில் ஒரு மோசமான விஷயம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் வீரர்கள் அத்தனை பேருடைய பெயரும் அந்தச் சுவரில் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே உண்டு. மற்ற இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ஓர் எண்ணாக இருக்கிறார்கள். இன்ன பட்டாளம், இத்தனை பேர், அவ்வளவுதான். இந்தச் சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1917-ல் தொடங்கியபோதே பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நினைவுகூர்வது என்று கொள்கை வகுத்துக்கொண்ட அமைப்பு. ஐரோப்பாவில் அதைக் காப்பாற்றினார்கள். ஃபிரான்ஸில் நவ் ஷப்பேலில் 1927-ல் திறந்த இந்திய நினைவுச் சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் தனித்தனியாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தக் கொள்கை காற்றில் போனது.

இது என் கோபம் மட்டுமில்லை. ஆணையமே நியமித்த குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது. குறைந்தது 45,000 பேர், ஒருவேளை 54,000 பேர் வரை, சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், இன்னும் 1,16,000 பேராவது, 3,50,000 வரைகூட இருக்கலாம், பெயர் இல்லாமலோ அடையாளமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்றும் அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதற்கே துல்லியமான கணக்கு இல்லை. சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களும், கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கர்களும், எகிப்தியர்களும், சோமாலியர்களும்.

இனி நல்ல செய்தி. சுவரில் எண்ணாக இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் காகிதத்தில் தப்பிப் பிழைத்தது. இன்று ஆணையத்தின் இணையதளத்தில் பஸ்ராவில் நினைவுகூரப்படும் இந்தியச் சிப்பாய்களைப் பெயரோடு தேட முடிகிறது. பலருக்கு எண், படைப்பிரிவு, இறந்த தேதி, தகப்பனார் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரைகூட இருக்கிறது. ஆனால் நாம் வீட்டில் சொல்கிற பெயரை அப்படியே அடித்தால் கிடைக்காது. அன்று ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிவைத்தது அது. ஒரே முத்துசாமி நாலைந்து எழுத்துக்கூட்டலில் வருவார். ‘அன்’ விகுதி சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் போயிருக்கும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் ஒற்றைப் பெயராகவே பதிவாகியிருக்கும், தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்காது. அதனால் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, நினைவுச் சின்னம் பஸ்ரா என்றும், பணிபுரிந்தது இந்திய ராணுவம் என்றும் வடிகட்டுங்கள். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரையோ மாவட்டத்தையோ அடித்துப் பாருங்கள். மாவட்டம் அன்றைய மாவட்டமாக இருக்க வேண்டும். வேலூரும் ராணிப்பேட்டையும் வட ஆற்காடு. விழுப்புரமும் கடலூரும் தென் ஆற்காடு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலத்துக்குள். படைப்பிரிவில் ‘கர்நாடிக்’ என்று பார்த்ததும் மைசூர்ப் பக்கத்து ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். அது ஆற்காட்டு நவாப் ஆண்ட நம் பகுதியைக் குறித்த பெயர். 73, 75, 79, 80 என்று எண் போட்ட கர்நாடிக் பட்டாளங்கள் மெட்ராஸ் படையைச் சேர்ந்தவை.

பஞ்சாப் வீரர்கள் மட்டும் இணையத்தில் கொட்டிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில் அந்த மாகாணத்திலிருந்து போன சுமார் 3,20,000 பேருடைய விவரம் ஊர்வாரியாக இருந்தது. உயிரோடு திரும்பியவர்களும் அதில் அடக்கம். அவற்றை 2021 முதல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று தேடுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம். எண்ணிக்கையிலும் நாம் குறைவுதான். சில இனத்தார்தான் சண்டைக்கு ஏற்றவர்கள் என்கிற ‘போர் இனம்’ கோட்பாட்டை நம்பி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே தெற்கத்தி ஆட்களைச் சேர்ப்பதைக் குறைத்து, மெட்ராஸ் பட்டாளங்களைக் கலைத்துக்கொண்டே வந்தார்கள். அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாடு பிடித்துக் கொடுத்ததில் பெரும்பங்கு இதே மெட்ராஸ் சிப்பாய்களுடையது என்பது தனிக்கதை.

இங்கே நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். நம் ஊரில் இவர்களை யாரும் நினைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அலட்சியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ராணுவத்தில் செத்தவர்களை நினைவில் வைத்திருப்பது முதலில் அவர்களுடைய ரெஜிமெண்ட். அதற்கென்று ஒரு நாள், ஒரு சுவர், ஓர் அருங்காட்சியகம், வரலாற்றுப் புத்தகம் எழுத ஒரு ஓய்வுபெற்ற கர்னல், எல்லாம் இருக்கும். 1780-லிருந்து தொடர்ந்து வருகிற மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. ‘தம்பிகள்’ என்று பட்டாளம் முழுக்கப் பெயர் எடுத்தவர்கள் அவர்கள், இன்றும் பெங்களூரில் இருக்கிறார்கள். ஆனால் மெட்ராஸ் காலாட்படைகளை 1920-களில் படிப்படியாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடி எழுப்பப்பட்டது. பாதை போடும் வேலையோடு சண்டையும் போட்ட மெட்ராஸ் பயனியர் படையை 1933-ல் முற்றாகக் கலைத்தார்கள். பெங்களூரு பிரிகேட் ரோடு முனையில் நெரிசலுக்கு நடுவே நிற்கிற கல் ஸ்தூபி அந்தப் பயனியர்களுக்காக வைத்தது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டிப் போகிறார்கள், அது எதற்கென்று கேட்டால் சொல்ல ஆள் கிடைக்காது. பட்டாளமே இல்லாமல் போனதால் அதில் செத்தவர்களின் நினைவுக்கு வாரிசு இல்லாமல் போய்விட்டது. அந்த வேலை இப்போது குடும்பங்களின் தலையில்.

இன்னொரு சாத்தியத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெசபடோமியாவுக்குப் போன இந்தியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் துப்பாக்கி பிடித்தவர்கள் இல்லை. கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களை டூலி என்ற தூக்குக் கட்டிலில் தூக்கியவர்கள், ரயில் பாதை போட்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள். நம் மாகாணத்திலிருந்து இந்த வேலைகளுக்கு ஏராளமானோர் போனார்கள். அவர்களும் வெயிலிலும் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். குடும்பக் கதையில் இவர்களுக்கு நூறு வருடத்தில் பதவி உயர்வு கிடைத்துவிடும். டூலி தூக்கியவர் சிப்பாய் ஆகி, சிப்பாய் சுபேதார் ஆகி, சுபேதார் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிவிடுவார். இந்தக் கடைசிக் குழப்பத்துக்கு ஒரு காரணமும் உண்டு. போர் முடிந்ததும் களத்துக்குப் போனவர்களுக்கெல்லாம் விக்டரி மெடல் என்று ஒரு வெண்கலப் பதக்கம் கொடுத்தார்கள், வானவில் நிற நாடாவோடு. அதைத்தான் தாத்தாக்கள் ‘விக்டோரியா மெடல்’ என்று சொல்லிச் சொல்லிப் பேரன்கள் காதில் விக்டோரியா கிராஸ் ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு இருந்தால் நாகரிகமாக ஒதுக்கிவையுங்கள். முதல் உலகப் போரில் அந்தக் கிராஸ் வாங்கிய இந்தியர்களின் பட்டியல் சின்னது, முழுக்கத் தெரிந்தது, அதில் தமிழர் யாரும் இல்லை. பதிவில் அவர் கழுதை ஓட்டியாகவே கிடைத்தாலும் வெட்கப்பட எதுவும் இல்லை. குட் நகரில் 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை முற்றுகையில் சிக்கிப் பட்டினி கிடந்தவர்களில் இப்படிப்பட்ட பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். துருக்கியரின் குண்டு அவர்களை ஆள் பார்த்து விலக்கவில்லை.

சரி, சித்தப்பாவின் கேள்வி. அவர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. அந்தப் போர் நம் போர் இல்லை. எண்ணெய்க் குழாயையும் இந்தியாவுக்கு வரும் வழியையும் காப்பாற்றத்தான் 1914 நவம்பரில் பஸ்ராவைப் பிடித்தார்கள். போர் முடிந்ததும் இந்தியாவுக்குக் கிடைத்தது ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும். ஆனால் சித்தப்பா 1947-க்குப் பிறகு பிறந்த கண்ணால் 1915-ல் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்கிறார். அன்று காங்கிரஸ் தலைவர்களே போருக்கு ஆதரவாக இருந்தார்கள். காந்தி 1918-ல் குஜராத்தில் கேடா மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தே போய்ப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தார். நாட்டின் மிகப் பெரிய தலைவருக்கே தெளிவில்லாத விஷயத்தில் வட ஆற்காட்டு இளைஞர் ஒருவர் தெளிவாக இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

அவர் ஏன் போனார் என்பதை நம்மால் ஊகிக்கத்தான் முடியும். மழை பொய்த்த வருடம், கடன், மாதம் தவறாத சம்பளம், பெஞ்சன் என்று காரணங்கள் இருந்திருக்கலாம். சாப்பர்ஸிலும் பயனியர்களிலும் ஆதிதிராவிடர்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவருக்குப் பூட்ஸும் உடுப்பும் கொடுத்து ‘ஹவில்தார்’ என்று கூப்பிட்ட இடம் பட்டாளம். அதை வெறும் அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடம் கழித்து மலாயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அதே நேரத்தில் பர்மா எல்லையின் எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலும் தமிழர்கள் இருந்தார்கள். அந்த இருவரில் ஒருவரை மட்டும்தான் நினைக்கலாம் என்று சட்டம் போட்டால் பல குடும்பங்களில் பாதிப் படங்களைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும். போரை ஏற்காமலே போனவரை நினைக்கலாம். சித்தப்பா அதற்கும் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவர் உரிமை.

எப்படி நினைப்பது என்பதில் வெளிநாட்டு வழக்கத்தைக் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நவம்பர் 11 காலை 11 மணிக்கு மௌனமாக நிற்பதும் சிவப்புப் பாப்பி மலரைச் செருகிக்கொள்வதும் அவர்களுக்குப் பொருள் உள்ள சடங்குகள். உங்களுக்குப் பிடித்தால் செய்யுங்கள். போரில் பட்டவனுக்குக் கல் நடுவது நம்மிடம் எவ்வளவு பழையது என்று சொல்லத் தேவையில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல் இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. அதில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று ஏழே சொற்கள். கூடலூரில் நடந்த ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு இந்தக் கல். யார், எந்த ஊர், எங்கே நடந்த சண்டை, எல்லாம் இருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் கூடச் சேரும். அரசன் பெயர் முதலில் வந்தாலும், கல் அரசனுக்கு இல்லை, மாடு மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆளுக்கு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு பலகை இருக்கிறது: இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று. ஒரு பெயர்கூட இல்லை. இதே வாசகம் பொறித்த சலவைக்கல் பலகைகளை அந்நாளைய அரசு இந்தியா முழுக்க ஊர் ஊராகப் பதித்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் தேனிப் பக்கத்தில் ஒரு கல்தச்சனுக்குத் தெரிந்தது பெரிய சாம்ராஜ்யத்துக்குத் தெரியாமல் போனது என்பதுதான் எனக்கு இதில் ஆறாத எரிச்சல்.

ஆகவே என் யோசனை இதுதான். ஊரில் இடம் இருந்தால் சின்னக் கல் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டுச் சுவரில் ஒரு பலகை. பெயர், தகப்பனார் பெயர், ஊர், படையும் எண்ணும், இறந்த நாடு, தேதி. பதிவில் நிரூபணமான விவரங்கள் மட்டும் கல்லில் ஏறட்டும். பஸ்ரா என்பது உறுதியாகாவிட்டால் ‘முதல் உலகப் போரில் இறந்தார்’ என்பதோடு நிறுத்துங்கள், தட்டே அதற்குச் சாட்சி. ‘மாவீரர்’, ‘தியாகச் சுடர்’ எல்லாம் வேண்டாம் என்பது என் ருசி. கல்லில் ஏறாத வீட்டுக் கதைகளைத் தனியாக ஒரு நோட்டில், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதிவையுங்கள். உங்கள் வீட்டில் திதி கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்னொன்று. இறந்த நாள் தெரியாததால் இதுவரை மகாளய அமாவாசையோடு சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள். ஆணையத்தின் பதிவில் ஆங்கிலத் தேதி கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் திதியைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிச் செய்த குடும்பங்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை மட்டும்: காணாமல் போனவர்களுக்குப் போட்ட தேதி பல நேரம் அவர்கள் கடைசியாகக் கணக்கில் இருந்த நாள்தான்.

பஸ்ராவுக்கே போய்வர ஆசை வரலாம். இப்போதைக்கு அதை ஒத்திப்போடச் சொல்வேன். அந்தச் சின்னம் முதலில் துறைமுகத்தில் இருந்தது. 1997-ல் சதாம் உசேன் ஆட்சியில் அதைப் பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதற்குச் சில வருடம் முன்பு வளைகுடாப் போர் நடந்த களம் அது. போய்ச் சேர்ந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது பட்டாளத்தின் பெயரும் ஓர் எண்ணும்தான்.

பதிவில் பெயர் கிடைக்கவே இல்லை என்றாலும் கதவு அடைபடவில்லை. விடுபட்டவர்களைச் சேர்க்கும் வேலையை ஆணையம் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் ‘பாட்டி சொன்னார்’ என்பது அங்கே எடுபடாது, அக்காலத்து ஆவணம் வேண்டும். தட்டின் படம், பெஞ்சன் புத்தகம், அஞ்சலில் வந்த பழைய உறை, எது இருந்தாலும் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடுங்கள். படைப்பிரிவு தெரிந்துவிட்டால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பட்டாளத்தின் போர் நாட்குறிப்பைப் பார்க்கலாம். சிப்பாய்களின் பெயரை அதில் எழுத மாட்டார்கள், ‘மூன்று பேர் பலி’ என்றுதான் இருக்கும். ஆனாலும் அவர் இறந்த நாளில் அந்தப் படை எங்கே நின்றது, வெயில் எப்படி இருந்தது, எதற்காகச் சண்டை என்பதெல்லாம் தெரியவரும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா உயிரோடு திரும்பி வந்து ஊரில் இறந்தவர் என்றால் ஆணையத்தின் பட்டியலில் இருக்கவே மாட்டார். பணியில் இறந்தவர்கள்தான் அதன் கணக்கு: முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் வரை, இரண்டாவதற்கு 1947 டிசம்பர் வரை. இரண்டாம் போரில் இறந்தவரைத் தேடுகிறவர்கள் மலாயா, சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூரில் கிராஞ்சியில் உள்ள சின்னத்தையும், பர்மா என்றால் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் உள்ள சின்னத்தையும், இத்தாலி என்றால் சாங்ரோ ஆற்றுக் கல்லறையையும் முதலில் பாருங்கள். இத்தாலியில் மிக்னானோ அருகே 1944 பிப்ரவரியில் கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், சாப்பர்ஸ் தம்பி. வீரச் செயலுக்கான ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப் புத்தகம் சொல்கிறது?

கடைசியாக அந்தத் தட்டு பற்றி. தயவுசெய்து அதைப் புளியோ பீதாம்பரியோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஆயுத பூஜைக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று பளபளக்கத் தேய்த்தே பெயர் மழுங்கிப்போன தட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரமில்லாத மெல்லிய துணியால் துடைத்தால் போதும், கறுப்பு அப்படியே இருக்கட்டும். பெயர் இருக்கும் சின்னக் கட்டத்தின் மேல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்து தெளிவாக எழும். அந்தப் படத்தில் ஆங்கில எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே, வீட்டில் சொல்லும் உச்சரிப்பை மறந்துவிட்டு, தேடலில் அடித்துப் பாருங்கள். கிடைக்கிற பதிவில் படைப்பிரிவின் பெயர் சுருக்கமாக வந்து புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், விரித்துச் சொல்கிறேன்.